முப்பத்தெட்டாம் பக்கத்து மஞ்சள் பட்டை

ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அக்காள் தன் தம்பியைக் கேட்ட கேள்வி இதுதான்: "உனக்குக் கண்ணு தெரியாதாடா?"

கேட்டிருக்கக் கூடாது. அதுவும் ஒரு வெல்டரைப் பார்த்து. பதினெட்டு வருஷமாக நெருப்புப் பொறிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஊரார் வீட்டுக்கெல்லாம் இரும்புக் கேட்டும் கம்பிக் கதவும் செய்து, அந்தச் சம்பாத்தியத்தில் அம்மாவை வைத்துக் காப்பாற்றியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் கோபம் வந்துவிட்டால் அவளுக்கு வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் வரும். அந்தத் தடவை புத்தி வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று.

நடந்தது இவ்வளவுதான். அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம். இரத்தம் உறைந்து போகாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. அம்மா இருந்தது தம்பியோடு. அக்காள் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், வேலை செய்யும் ஆபீஸுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். அம்மாவுக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்தது. முனகலை இரண்டு நாள் கேட்டுப் பொறுத்த தம்பி, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஆஸ்பத்திரி கொடுத்திருந்த மின்நூலைப் போனில் திறந்தான். முப்பத்தெட்டாம் பக்கம், 'வலி வந்தால்'. ஒத்தடம் கொடுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், வலி தாங்க முடியாவிட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம் என்று போட்டிருந்தது. போட்டிருந்தபடியே செய்தான். ஐந்து நாள் கொடுத்தான். ஆறாம் நாள் காலையில் அம்மா கறுப்பாக வாந்தி எடுத்தாள்.

"இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வலி மாத்திரை கொடுக்கவே கூடாதே, வயித்துக்குள்ள ரத்தம் கசியுமே, யார் கொடுத்தது?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான் சார். புத்தகத்துல பார்த்துத்தான் கொடுத்தேன்" என்றான் தம்பி.

அங்கேதான் அக்காளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏன் என்றால் அந்தப் புத்தகத்தைச் செய்தவளே அவள்தான். எழுதியது ஆஸ்பத்திரிக்காரர்கள். அதை மின்நூலாக அடுக்கி, தலைப்புக்குத் தலைப்பு, பெட்டிக்குப் பெட்டி நிறம் கொடுத்தது அவள் கை. முப்பத்தெட்டாம் பக்கத்தில், அந்த வலி மாத்திரை வரிக்கு நேர் கீழே, மஞ்சள் பின்னணி போட்ட எச்சரிக்கைப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கிற வார்த்தைகள் அவளுக்கு மனப்பாடம்.

"மஞ்சப் பெட்டி போட்டு, கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனேடா! உனக்குக் கண்ணு தெரியாதாடா?"

"இல்லக்கா, அதுல அப்படி ஒண்ணுமே இல்ல. இந்தா, நீயே பாரு" என்று அவன் தன் போனை நீட்டினான்.

அவள் வாங்கிப் பார்க்கவில்லை. இதைத்தான் பிற்பாடு அவள் ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தாள். நீட்டிய கையைத் தட்டிவிட்டுத் தன் கைப்பையைத் திறந்தாள், தன் போனை எடுத்தாள், தன் போனில் அதே புத்தகத்தின் அதே பக்கத்தைத் திறந்தாள். பளிச்சென்ற வெள்ளைத் திரையில் மஞ்சள் பெட்டி, உள்ளே கறுப்பு எழுத்து. அதை முதலில் அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்புறம் கூட வந்திருந்த தாய்மாமா பக்கம் திருப்பினாள். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வாய்விட்டே படித்தார்:

"எச்சரிக்கை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து."

படித்து முடித்துவிட்டு மாமா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி தன் போனைப் பார்த்தான், அக்காள் போனைப் பார்த்தான். நீட்டிய போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள்.

மாமாவுக்கு வாயில் பூட்டு கிடையாது. எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைகிற நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பெத்தவளை ஒரு வரி படிக்காம கொன்னுட்டானே, படுபாவி." வாசலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பியின் காதில் அது விழுந்தது. அக்காள் காதிலும் விழுந்தது. அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு அவள் மனசும் சொல்லிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் அந்தத் தம்பி என்றால் அவளுக்கு உயிர். சின்ன வயதில் அவன் பந்தடித்து எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது, நான்தான் உடைத்தேன் என்று முன்னால் போய் நின்று அப்பாவிடம் முதுகு வீங்க அடி வாங்கியவள் அவள். வீட்டில் அதை அம்மா சாகும் வரை கேலி செய்தாள். "இவளுக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியாது, கண்ணாடியை உடைச்சாளாம்!" அப்படி அடி வாங்கினவளே இன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

அவள் ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு எழுதுபொருள் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. முதலாளி உட்பட ஐந்து பேர். யார் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் போனில் படிக்கிற மாதிரி ஆக்கித் தருவார்கள். அவளுக்கு அங்கே 'கலரக்கா' என்று பெயர். எந்தத் தலைப்புக்கு எந்த நிறம், எந்தப் பெட்டிக்கு எந்தப் பின்னணி என்பதெல்லாம் அவள் சொன்னால் சொன்னதுதான்.

இதில் ஒரு வம்பு உண்டு. அச்சுப் புத்தகம் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி இருக்கும். மின்நூல் அப்படி அடங்கி இருக்காது. படிக்கிறவர் தன் வசதிக்குத் திரையை வெள்ளையாக வைத்துக்கொள்ளலாம், கண்ணுக்கு இதமாகப் பழுப்பாக வைத்துக்கொள்ளலாம், கறுப்பாகவும் ஆக்கிக்கொள்ளலாம். பழுப்புத் திரைக்கு ஆபீஸில் 'டீ' என்று பெயர். கறுப்புத் திரையில் பக்கம் கறுப்பாகும், எழுத்து தானாக வெள்ளையாக மாறிவிடும். அதனால் ஒரு பெட்டிக்குப் பின்னணி நிறம் இது என்று கம்ப்யூட்டருக்கு ஒரு வரிக் கட்டளை எழுதினால், அதற்குள் இருக்கிற எழுத்தின் நிறம் இது என்று கட்டாயம் இன்னொரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் பின்னணி நாம் சொன்ன நிறத்திலேயே நிற்கும், எழுத்து மட்டும் திரையோடு சேர்ந்து மாறிவிடும். "ரெண்டு வரியும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஒண்ணை விட்டு ஒண்ணைத் தனியா அனுப்பாதீங்க" என்று வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே பாடம் எடுப்பவள் அவள்தான்.

ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எச்சரிக்கைப் பெட்டிகளுக்கு முதலில் வெறும் கோடுதான் போட்டிருந்தாள். ஒப்படைக்கிற அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது: கோடு கண்ணில் படவில்லை, மஞ்சள் பின்னணி கொடுங்கள், பார்த்ததும் பளிச்சென்று தெரிய வேண்டும். சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முதலாளி வந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் பின்னணி வெளிர் மஞ்சள் என்று ஒரு வரி எழுதினாள். ஒரே வரி, முப்பத்தாறு பெட்டிகளும் ஒரே நொடியில் மஞ்சளாயின. எழுத்து நிறத்துக்கான வரியை எழுதவில்லை. மறந்தாளா, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டாளா? பிற்பாடு எவ்வளவு முட்டி மோதிப் பார்த்தும் அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

கடைசியில் சரிபார்ப்புத் தாள். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல். பக்கத்துக்கு ஒரு வரிசை, வெள்ளைக்கு ஒரு கட்டம், டீக்கு ஒரு கட்டம், கறுப்புக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று திரையிலும் திறந்து பார்த்துக் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். வெள்ளையில் எல்லாவற்றையும் பார்த்தாள். டீயிலும் பார்த்தாள். கறுப்பில் அட்டையையும் முதல் இரண்டு பக்கங்களையும் பார்த்தாள். சரியாக இருந்தன. அந்தப் பக்கங்களில் மஞ்சள் பெட்டியே கிடையாது. அப்புறம் மூன்றாம் டிக்கைப் பிடித்து மவுஸால் கீழே வரைக்கும் ஒரே இழுப்பு இழுத்தாள். அறுபத்துநாலு பக்கத்துக்கும் டிக் விழுந்தது. ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். அவள் மற்றவர்களை அதற்காகத் திட்டியிருக்கிறாள்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அந்தப் புத்தகத்தைத் தம்பி போனில் ஏற்றிக் கொடுத்ததும் அவளேதான். "அக்கா செஞ்ச புத்தகம்டா, எந்தச் சந்தேகம் வந்தாலும் இதைப் பாரு, வேற எவன் பேச்சையும் கேக்காதே" என்று பெருமையாகச் சொன்னாள். அவன் திறந்து பார்த்துவிட்டு, வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கினான். வெல்டிங் கண், வெள்ளைத் திரை அவனுக்கு ஆகாது. "கண்ணு கூசுதுக்கா, தண்ணி தண்ணியா வருது." "இவ்வளவுதானே, கொண்டா இப்படி" என்று வாங்கி, இரண்டே தட்டில் திரையைக் கறுப்பாக்கிக் கொடுத்தவளும் அவள்தான். தம்பிக்கு ஒரே சந்தோஷம். "கலரக்கான்னா கலரக்காதான்" என்றான்.

அம்மா போய் மூன்று வாரம் கழித்து, ஒரு காலை பதினோரு மணிக்கு முதலாளி அவள் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, அந்த ஆஸ்பத்திரி புத்தகத்துல ஏதோ மஞ்சள் பட்டை சும்மா காலியா கெடக்குதாமே. யாரோ ஒரு அம்மா அவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்காங்க, அது அழகுக்கு வெச்சதான்னு. இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து எனக்குப் போன் வந்துச்சு. என்னன்னு பாரு."

"காலியா?" என்றாள். "அதுல எழுத்து இருக்கு சார், எச்சரிக்கை..."

சொல்லிக்கொண்டே அவள் கை போனில் புத்தகத்தைத் திறந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்துக்குத்தான் போனது, வேறு எங்கே போகும்? வெள்ளையில் பார்த்தாள், சரியாக இருந்தது. டீயில் சரியாக இருந்தது. கறுப்பைத் தட்டினாள்.

பக்கம் கறுப்பானது. எழுத்தெல்லாம் வெள்ளையானது. நடுவில் வெளிர் மஞ்சளில் ஒரு பட்டை. உள்ளே ஒன்றும் இல்லை.

கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்து. இருக்கிறது என்று தெரிந்து தேடினால்கூட ஏதோ அழுக்குப் போலத்தான் தெரிந்தது. பட்டையின் மேல் விரலை வைத்து அழுத்தி இழுத்தாள். வார்த்தைகளைத் தேர்வு செய்யும் நீல நிறம் பரவியது, அதற்குள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எச்சரிக்கை. இரத்தம் உறையாமல் இருக்க. விரலை எடுத்ததும் எல்லாம் மறுபடி உள்ளே போய்விட்டன.

இல்லக்கா, அதுல அப்படி ஒண்ணுமே இல்ல. இந்தா, நீயே பாரு.

அவள் மேசையின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இத்தனை நாள் அவள் ஒரு பதிலை வைத்துக்கொண்டு, அதை வைத்தே தம்பியைப் பார்க்காமல், பேசாமல், அவன் அனுப்பிய சேதிகளுக்குப் பதில் போடாமல் காலத்தை ஓட்டியிருந்தாள். அந்தப் பதில் இப்போது எழுந்து வந்து அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டது.

முதலாளி பின்னாலிருந்து பார்த்துவிட்டார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "எத்தனை பேர் எறக்கி வெச்சிருக்காங்க?"

"ரெண்டாயிரத்துக்கு மேல."

"உடனே சரி பண்ணு. ஏத்திடு. எல்லார் போன்லயும் தானா மாறிடும். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம், புரியுதா? புத்தகத்தை மேம்படுத்தியிருக்கோம், அவ்வளவுதான்."

ரெண்டாயிரம் வீடு என்பதுதான் அவள் மண்டைக்குள் நின்றது. ரெண்டாயிரம் வீட்டில் எத்தனை கறுப்புத் திரை? இந்த நிமிஷம் யார் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குச் செருப்பை மாட்டுகிறாரோ? விட்டுப்போன அந்த ஒரு வரியை எழுதினாள். எழுத்து நிறம் கறுப்பு. மூன்று திரையிலும் முப்பத்தாறு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இந்தத் தடவை இழுக்கவில்லை. ஏற்றினாள். ஏறிவிட்டது என்று பச்சைக் குறி வந்தது.

அதற்கு அப்புறம்தான் தம்பி ஞாபகம் வந்தது. இல்லை, தம்பி ஞாபகம் போகவே இல்லை. அந்தக் காலிப் பட்டை அவனுக்கு இருந்த ஒரே சாட்சி என்ற ஞாபகம் அப்போதுதான் வந்தது. பழைய பிரதியைத் தேடினாள். இருக்காது என்று அவளுக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய பிரதி ஒன்று தவறுதலாக வாடிக்கையாளருக்குப் போய் மானம் போனதிலிருந்து, புதியது ஏறினால் பழையது இருக்கக் கூடாது என்று விதி போட்டவள் அவள். சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் அது அவள் கையெழுத்தில்தான் இருந்தது. புதியது ஏறியதும் பழையது எல்லா இடத்திலும் தானாக அழிந்துவிடும் என்று ஏற்பாடு செய்ததும் அவள்தான். அந்தக் கறுப்புத் திரையை ஒரு படம் பிடித்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று முதலாளி கேட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை.

முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டாவதில் நின்றுகொண்டே போனாள். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டாள். உன் மேல ஒரு தப்பும் இல்லடா. நான்தான். போன உடனே காலில் விழுந்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். அடுத்தது மாமா வீடு. வாசலில் நின்று உரக்கச் சொல்ல வேண்டும், அண்டை அயல் எல்லாம் கேட்க. வேலை போனால் போகட்டும். அவன் தலை நிமிர்ந்து நடந்தால் போதும். சொல்லிவிட்டால் அவனுக்குப் பாரம் இறங்கிவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு இருந்த ஒரே ஆறுதலும் அதுதான்.

கதவு திறந்தே கிடந்தது. அம்மாவின் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. ஜன்னல் திட்டில் அம்மாவின் மாத்திரை டப்பா, கிழமைக்கு ஒரு குழி வைத்தது. கடைசி மூன்று குழிகளில் மாத்திரை அப்படியே இருந்தது. தம்பி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். திரை வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"வாக்கா" என்றான். மூன்று வாரம் பேசாதவளைப் பார்த்த ஆச்சரியம்கூட அவன் முகத்தில் இல்லை. "நானே உனக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். தெரிஞ்சிடுச்சுக்கா."

"என்னடா தெரிஞ்சிடுச்சு?"

"அந்த எழுத்து. மஞ்சப் பெட்டிக்குள்ள இருக்கற எழுத்து. இப்பத்தான், ஒரு மணி நேரம் முன்னாடி. கறுப்பு ஸ்கிரீன்லயே பளிச்சுன்னு தெரிஞ்சுது. அப்புறம் வெள்ளையா மாத்தி வெச்சுப் பார்த்தேன், அதுலயும் தெரியுது."

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தெனமும் நாலஞ்சு தடவை அந்தப் பக்கத்தைத்தான் தெறந்து பார்ப்பேன்க்கா. உன் போன்ல இருக்கு, மாமா படிச்சாரு. என் போன்ல வெறும் மஞ்சள் பட்டைதான் இருக்கு. அதனால என் மேல தப்பு இல்லையோ என்னமோன்னு மனசுல ஒரு ஓரத்துல நெனப்பு. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா யார் கேப்பாங்க? அப்புறம் கண்ணு டாக்டர்கிட்ட போனேன். நீ கேட்டியே, கண்ணு தெரியாதான்னு. அவர் லைட் அடிச்சுப் பார்த்துட்டு, ஆமாம்பா, உள்ள தழும்பு இருக்கு, வெல்டிங்கை விட்டுடுன்னுட்டாரு. சொட்டு மருந்து குடுத்தாரு. நாலு நாளா விட்டுக்கறேன். இன்னைக்குத் தெரிஞ்சிடுச்சு."

பதினெட்டு வருஷம் வெல்டிங் செய்தவன் கண்ணுக்குள் விளக்கை அடித்துத் தேடினால் தழும்பு கிடைக்காமலா போகும்? கிடைத்துவிட்டது. அவனுடைய முகமூடியும் வெல்டிங் பெட்டியும் வழக்கமாக இருக்கும் மூலை காலியாக இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"டேய், கேளு. உன் கண்ணு ஒண்ணும் இல்ல. நான்தான்டா. நான் ஒரு வரி எழுதாம விட்டுட்டேன். கறுப்புத் திரையில எழுத்து தெரியாம போச்சு. உன் போன்ல மட்டும் இல்ல, கறுப்பு வெச்சிருந்த எல்லார் போன்லயும். இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. நான்தான் ஒரு மணி நேரம் முன்னாடி சரி பண்ணி ஏத்தினேன், அதான் உனக்கு இப்பத் தெரியுது. சொட்டு மருந்தால இல்லடா. சத்தியமா சொல்றேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தான். அம்மா போன பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எதிர்வீட்டுக் கண்ணாடியை நீதான் ஒடைச்ச, இல்ல?"

"ஐயோ, அது வேறடா! இது நெஜம்."

"அதையும் இதே மாதிரிதான் சொன்ன. சத்தியம் கூடப் பண்ணின." அவன் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். கங்கு பட்டுக் காய்த்த கை. "மூணு வாரம் நீ பேசலையேன்னு இருந்துச்சு. இப்ப வந்து எனக்காக இவ்வளவு சொல்றியே, அது போதும்க்கா."

அவள் கையை உதறிக்கொண்டு போனை எடுத்தாள். முதலாளியைக் கூப்பிட்டு, தம்பி கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டாள். "சார், இன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்துச்சே, மஞ்சள் பட்டை காலியா இருக்குன்னு, அதை என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

முதலாளியின் குரல் பதமாக வந்தது. "எந்தப் போன்ம்மா? அப்படி ஒண்ணும் வரலையே. நம்ம புத்தகத்துல எல்லாம் சரியாத்தானே இருக்கு. நீ வீட்டுல கொஞ்சம் ரெஸ்ட் எடு. அம்மா போன துக்கம், மனசு அப்படித்தான் இருக்கும்."

அவர் வைத்துவிட்டார். தம்பி தலையை ஆட்டினான். அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"ஆபீஸுக்கு வா" என்றாள் அவள். "அந்த ஒரு வரியை எடுத்துட்டுக் காட்டறேன். அப்படியே காலியா ஆகும். உன் கண்ணாலயே பாரு."

"ஆகும்க்கா. நீ எப்படி வேணாலும் ஆக்குவ. கலரை மாத்தறதுதானே உன் தொழில்?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவன். அக்காளுடைய கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்கு எப்போதும் இருந்த பெருமையோடுதான் சொன்னான். மாமா வீட்டு வாசலில் நின்று கத்தினாலும் இதேதான் நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பி மேல பாசம், என்பார் மாமா.

அவன் போனை எடுத்து வெள்ளைத் திரையை மறுபடி முகத்துக்கு நேரே பிடித்தான். கண் கூசித் தண்ணீர் வர வர, ஒவ்வொரு வார்த்தையாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி படித்தான்.

"எச்சரிக்கை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து." நிமிர்ந்தான். "சரியாப் படிக்கறேனாக்கா?"

"சரியாத்தான்டா படிக்கற" என்றாள். "உனக்குக் கண்ணு எப்பவுமே நல்லாத்தான்டா தெரிஞ்சுது."

"இப்பத் தெரிஞ்சு என்னக்கா பிரயோஜனம்?"

போனைத் தரையில் வைத்துவிட்டு, ஜன்னல் திட்டில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் குப்பியை எடுத்து அவளிடம் நீட்டினான். "இதைக் கொஞ்சம் போட்டு விடுக்கா. எனக்குக் கை நடுங்குது, வெளியில சிந்திடுது." இந்தத் தடவை அவன் நீட்டியதை அவள் வாங்கிக்கொண்டாள். அவன் தலையை அவள் மடியில் சாய்த்துக் கண்ணை அகலத் திறந்து வைத்தான். அவள் போட்டு விட்டாள், இடது கண்ணில் இரண்டு சொட்டு, வலது கண்ணில் இரண்டு சொட்டு.